மூன்றாவது வீடு

எங்கள் தெருவில் பதினாலு வீடுகள். ஊரூர் குப்பத்துப் பக்கமிருந்து நடந்து வந்தால் முதலில் வருவது என் வீடு. ஆனால் அந்த மீன்காரிக்கு என் வீடு மூன்றாவது.

காலை ஏழரைக்கு அவள் தலையில் கூடையோடு தெருமுனை திரும்புவாள். நான் அலுமினியத் தட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டில் நிற்பேன். என்னைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, ஏதோ விளக்குக் கம்பத்தைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவாள். ஐந்து வீடு தள்ளி நீல கேட் போட்ட வீடு. அதுதான் அவளுக்கு முதல். அதற்கு எதிரே இருந்த ஆடிட்டர் வீடு இரண்டாவது. அந்த இரண்டையும் முடித்துக்கொண்டு வந்த வழியே திரும்பி வந்து என் மதில் ஓரமாக நிற்பாள். முழங்காலை மடித்து, கழுத்தை வளைக்காமல், கூடையைச் சுவர்மேல் இறக்கிவைப்பாள். சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

"இன்னாம்மா, காத்துக்கினு கீறியா?"

"இல்லம்மா, தெருவுல எத்தனை வீடுன்னு எண்ணிட்டு இருக்கேன்."

"எண்ணு எண்ணு. நாளிக்கி ஒண்ணு கூடிப்போச்சுன்னா எனக்கும் சொல்லு."

இப்படிப் பதினோரு வருஷம். நல்ல வஞ்சிரமெல்லாம் நீல கேட்டுக்குப் போய்விடுகிறது, நமக்கு வருவது கழிசடை என்று வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டுக்காரர் குழம்பில் கையை வைத்தபடி, "மீன் நல்லாத்தானே இருக்கு" என்பார். நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாளும் குறை சொல்ல முடிந்ததில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். மீன் கெட்டிருந்தால் சண்டை போட்டு வேறு ஆளை வைத்துக்கொண்டிருப்பேனே.

முதலாவதாக ஆக என்னென்னவோ செய்து பார்த்தேன். ஒரு தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். அதைக் கட்டிக்கொண்டு மறுவாரம் வந்தாள். என் கண்ணெதிரே, நான் எடுத்துக் கொடுத்த புடவை, நீல கேட்டுக்குள் போனது. இன்னொரு நாள் டபராவில் காபி ஆற்றிக்கொண்டு தெருவிலேயே நின்று கூப்பிட்டேன்.

"வர்றேன் வர்றேன். உன் நம்பரு வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். காபியை நானே குடித்தேன்.

அவளிடம் ஒரு பழக்கம். மீனை நல்ல மீன் என்று அவள் வாயால் சொல்லவே மாட்டாள். சங்கரா எப்படி, கிழங்கா எப்படி என்று கேட்டால், "செவுளத் தூக்கிப் பாரு" என்பாள். வேறு பேச்சே கிடையாது. செவுள் சிவப்பாக இருந்தால் இன்றைய மீன், பழுப்பாக இருந்தால் நேற்றைய மீன். அதைத்தான் சொல்கிறாள்.

"நீயே தூக்கிக் காட்டேன்" என்பேன்.

"நான் காட்டினா அது நான் காட்டினது. நீ தூக்கினா தான் நீ பாத்தது."

நான் தூக்க மாட்டேன். எங்கள் வீட்டில் எல்லோரும் மீன் சாப்பிடுவோம், மீன் வாசனை மட்டும் யார்மேலும் வரக்கூடாது. தட்டை நீட்டுவேன், அவள் தட்டில் போடுவாள், வேலைக்காரப் பெண் வந்து கழுவுவாள். மீன் வாங்கிய கையை மோந்து பார்த்தாலும் சோப்பு வாசனைதான் வரும். அதில் எனக்குப் பெருமை வேறு.

மீனை மட்டுமல்ல, எதையும் அவள் இப்படித்தான் பார்த்தாள். தெருவில் புதிதாக ஒரு டாக்டர் பலகை மாட்டினார். பட்டங்கள் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருந்தன. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். இவள் கூடையை வெளியே வைத்துவிட்டு நேரே உள்ளே போய் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டு வந்தாள்.

"எப்படிம்மா டாக்டரு?"

"மேசைக்கு அந்தாண்டயே குந்திக்கினு எழுதறாரு. எழுத்து நல்லா கீது."

அதோடு சரி. எங்கள் தெருவிலிருந்து அந்த டாக்டரிடம் போனவர்கள் குறைந்துபோனார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் தெரு கேட்டது. நான் நாள் பூராப் பேசுகிறேன், எங்கள் வீட்டுப் பூனைகூடக் கேட்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னப் பொறாமை. பெரியது பின்னால் வந்தது.

எனக்கு ஒரே பெண். மீன்காரிக்கும் ஒரே பெண். இரண்டும் ஒரே வருஷம் பன்னிரண்டாவது. என் பெண்ணுக்கு மூன்று டியூஷன். பிசிக்ஸுக்கு மாம்பலம் வரை பஸ்ஸில் போய் வந்தாள். அவள் பெண் குப்பத்துப் பிள்ளைகள் போகும் பள்ளியில் படித்தாள். தண்ணி லாரி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்கும், நிற்கும்போது கையில் புத்தகம் இருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாவம், படிக்கட்டும் என்று நினைத்தேன். பாவம் என்று நினைக்கிற வரைக்கும் நமக்கு மனசு எவ்வளவு விசாலமாக இருக்கிறது.

ஒரு நாள் கூடையோடு ஒரு பிளாஸ்டிக் உறையும் வந்தது. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள்.

"சாரு, இத்த ஒரு கை பாரு. பாப்பா எழுதிக்கிச்சு. தப்பா கீதான்னு மட்டும் பாத்துக் குடு."

மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பம். நுழைவுத் தேர்வு நம்பர், மார்க் எல்லாம் எழுதியிருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பார்த்து, ஒரு இடத்தில் விட்டுப்போன கையெழுத்தைக் காட்டி, ஜாக்கிரதையாக மடித்துக் கொடுத்தார். அவள் போன பிறகு நான் கேட்டேன்.

"ஏன், அந்தக் கையெழுத்து இல்லாமப் போனா என்ன ஆகும்?"

"திருப்பி அனுப்பிடுவாங்க."

"அப்படியா" என்றேன். அன்றைக்கு அவருக்கு நடுத்துண்டு இல்லை, முள் நிறைந்த வால் துண்டுதான் வைத்தேன்.

ரேங்க் பட்டியல் வந்தது. அவள் பெண் என் பெண்ணைவிட நாலு எண் முன்னால். நாற்பது எண் முன்னால் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். நாலு எண் என்றால் கையை நீட்டினால் பின்னலைப் பிடித்து இழுக்கலாம், அவ்வளவு பக்கம்.

"அவங்களுக்குன்னு தனி ஒதுக்கீடு இருக்கே, அதனாலதான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "இது பொதுப் பட்டியல்" என்றார். சில சமயம் அந்த மனுஷனுக்கு எதற்குப் படிப்பு என்று தோன்றும்.

கல்லூரியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார்கள், மீதி இருக்கும் இடங்களைப் பலகையில் போட்டிருப்பார்கள், பிள்ளை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் பார்த்து ஓர் இங்கிலீஷ் வாரப் பத்திரிகை நாட்டிலுள்ள மருத்துவக் கல்லூரிகளையெல்லாம் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டு வெளியிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அடையாறு டெப்போ பக்கத்துக் கடையில் வாங்கி வந்தார். நான் அஞ்சாவதுவரை தமிழ் படித்தவள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியும். நம் பெண் ரேங்க்குக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரிகளில் இரண்டு எங்கள் ஊரிலேயே இருந்தன. ஒன்று பட்டியலில் நல்ல உயரத்தில். மற்றது எங்கோ அடியில். பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. மேலது, கீழது என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தட்டோடு பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு மதிலருகே போனேன். அவள் வயிறு எரிவதைப் பார்க்க வேண்டும்.

"பாரும்மா. மேல இருக்கே, இதைத்தான் எங்க பொண்ணு எடுக்கப்போறா."

அவள் ஈரக் கையால் தொடாமல், குனிந்து பார்த்தாள். "இத்த யாரு எய்தினது?"

"பத்திரிகைல போட்டிருக்கான்."

"போட்டவன் காலு ஒடிஞ்சி அங்க படுத்துக்கினு இருந்தானா?"

"அவன் எதுக்கும்மா படுக்கணும்? விசாரிச்சுப் போட்டிருப்பான்."

"அப்ப செவுளு தூக்காத மீனு" என்று சொல்லிவிட்டு நெத்திலியை அள்ளித் தட்டில் போட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "நாளான்னிக்கி நான் தொயிலுக்குப் போவல. ரெண்டு ஆஸ்பத்திரியும் போய்ப் பாக்கப்போறேன். எனக்குப் படிக்கத் தெரியாது. நீ வரியா? நீ போர்டப் படி, நான் ஆளப் படிச்சிக்கிறேன்."

உடனே சரி என்றேன். உதவிக்கு என்று அவள் நினைத்திருப்பாள். நான் போனது வேவு பார்க்க.

அன்றைக்கு அவளைக் கூடை இல்லாமல் முதல்முறையாகப் பார்த்தேன். தலை இன்னமும் கூடை இருப்பதுபோல அசையாமல்தான் வந்தது. பஸ்ஸில் எல்லோரும் ஆடுகிறார்கள், இவள் ஆடவில்லை. நான் கட்டியிருந்தது நல்ல புடவை. அவள் கட்டியிருந்தது அந்தத் தீபாவளிப் புடவை.

மேலதற்கு முதலில் போனோம். சீட்டு வாங்கி, வெளி நோயாளிகள் வரிசையில் நின்றோம். அவளுக்கு முழங்கால் வலி நிஜமாகவே உண்டு. கூடை சுமந்து சுமந்து வந்தது. அதைத்தான் கொண்டுவந்திருந்தாள். மின்விசிறி ஓடியது, தரை பளபளத்தது, நான் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். பெரிய டாக்டர் வந்தார். அவர் பின்னால் வெள்ளைக் கோட்டோடு பிள்ளைகள், ஒருவர் தோளுக்கு மேல் ஒருவராக எட்டிப் பார்த்துக்கொண்டு எழுதினார்கள். பெரிய டாக்டர் மரியாதையாகப் பேசினார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். ஒரு குறையும் இல்லை.

"எப்படி?" என்றேன். என் கல்லூரியையே அவளுக்குச் சுற்றிக் காட்டியதுபோல எனக்குப் பூரிப்பு.

"சுத்தமா கீது. கல்யாண மண்டபம் கணக்கா."

பிறகு கீழது. கூட்டம் நெட்டித் தள்ளியது. ஒருத்தர் செருப்பு இன்னொருத்தர் காலில். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தது. பெரிய டாக்டர் நாலு மேசை தள்ளி இருந்தார். எங்களுக்குக் கிடைத்தது படிக்கிற பெண் ஒருத்தி. கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, மீன்காரியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலைச் சுற்றி விரலால் அழுத்திக்கொண்டே போனாள். இங்கே வலிக்குதா, இங்கே, இங்கே.

மீன்காரி முழங்காலைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி எத்தினி முட்டி பாத்த, கண்ணு?"

"முட்டி மட்டுமா பாட்டி? யாருக்குத் தெரியும்?" என்று சிரித்துவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்ததும், "பாட்டின்னுட்டுது" என்று சொல்லிக்கொண்டாள். அப்புறம், "இதுதான்" என்றாள்.

"எது?"

"என் பொண்ணுக்கு இதுதான். அங்க அஞ்சாவது ஆளா நின்னு எட்டிப் பாக்கும். இங்க மொத நாளே கைய வைக்கும். கைய வெச்சிப் பாக்காத டாக்டரு எதுக்கு?"

திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. பதினோரு வருஷமாக எனக்கு மத்தியைக் காட்டிவிட்டு வஞ்சிரத்தை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகிறவள். இப்போது கீழதை நல்லது என்கிறாள். நான் ஏமாந்து என் பெண்ணைக் கீழதற்கு அனுப்பினால், மேலதைத் தன் பெண்ணுக்கு அமுக்கிக்கொள்ளலாம் அல்லவா? அவள் முகத்தைப் பார்த்தேன். ஜன்னலோரமாக உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஆடவில்லை.

அந்த வாரம் முழுக்க பெசன்ட் நகர் கோயிலில் எனக்கு ஒரே வேண்டுதல். அவள் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும், கீழதைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தவள் நாக்கு சுத்தமாக இருக்க வேண்டும் என்று தேங்காய் உடைத்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இடம் தேர்ந்தெடுக்கிற நாள் வந்தது. பெரிய கூடம். கையில் ஃபைலோடு அப்பா அம்மாக்கள் கோயில் வரிசைபோல நிற்கிறார்கள். மைக்கில் எண் சொல்லச் சொல்ல, பலகையில் மீதி இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. மேலதற்கு நேரே ஏழு இருந்தது, ஐந்து ஆயிற்று, மூன்று ஆயிற்று. அவள் பெண்ணின் எண்ணைக் கூப்பிட்டபோது இரண்டு.

பெண் உள்ளே போயிற்று. இவளும் பின்னால் போனாள். அவள் பெண் ஒன்றை எடுத்துவிட்டால் மீதி ஒன்றுதான். நடுவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

பலகையில் கீழதற்கு நேரே இருந்த எண் ஒன்று குறைந்தது. மேலது இரண்டாகவே நின்றது.

அடுத்த பையன் மேலதில் ஒன்றை எடுத்தான். மற்ற இரண்டு பேரும் சொந்த ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளைக் கேட்டார்கள். கடைசியாக இருந்த ஒன்று என் பெண்ணுக்கு. வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் எல்லோருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார். மீன்காரியும் குடித்தாள்.

"உன் பாப்பாக்கு ஆசப்பட்டது கெட்ச்சிச்சா?"

"கிடைச்சுது. கடைசி சீட்டு."

"நல்லது" என்றாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளோடு பஸ் ஏறிப் போனாள்.

சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. தெரு முழுக்கச் சொன்னேன். பட்டியலைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டினேன். மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. சந்தையில் ஒருத்தி மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போடுகிறாள். பின்னால் வருகிறவள் அதை ஆசையாக எடுத்துக்கொண்டு போகிறாள். என் பெண்ணுக்குக் கிடைத்தது அவள் திருப்பிப் போட்ட மீன். எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை. இனிமேல் நான் எதைச் சொல்லி அவளைவிட உயர்ந்தவள் என்பது?

அதிலிருந்து அவள் பெண்ணைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பேன்.

"பிரசவம் பாத்துச்சாம்மா?"

"நேத்துகூட ரெண்டு."

என் பெண் வீட்டுக்கு வரும்போது அவளைக் கேட்பேன். அவள் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "எங்களுக்கு இன்னும் அது வரலம்மா" என்பாள். என் பெண் ஹாஸ்டலில் இருந்தாள். ஹாஸ்டலில் இருந்தால் நன்றாகப் படிக்கலாம், தெருவில் சொல்லிக்கொள்ளவும் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவாள்.

மூன்றாவது வருஷம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. மீன்காரி கூடையை மதில்மேல் இறக்கிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாகக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். வாசற்படியில் உட்கார்ந்தாள். புடவையை முழங்கால்வரை ஏற்றிக் காலை நீட்டினாள்.

"பாப்பா கீதா? வரச்சொல்லு. முட்டி ரொம்ப பேஜாரு பண்ணுது."

எனக்குப் புரிந்துவிட்டது. முட்டிக்குப் பார்க்க அவள் வீட்டிலேயே டாக்டருக்குப் படிக்கிற பெண் இருக்கிறது. இவள் செவுள் தூக்கிப் பார்க்க வந்திருக்கிறாள்.

அந்தக் கால் இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. பாதத்தில் செதில் ஒட்டியிருந்தது, விரலிடுக்கில் கடல் மணல், நெடி உள்ளே கூடம்வரை. என் பெண் என் கையில் வளர்ந்தவள். மீன் தட்டை ஒரு நாளும் அவளைத் தொடவிட்டதில்லை. உள்ளே ஓடி ஒரு பழைய துண்டையாவது கொண்டுவந்து அந்தக் காலைத் துடைக்கலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் என் பெண் வந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு ஆன்ட்டி?"

கேட்டுக்கொண்டே கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். அந்தக் காலை எடுத்துத் தன் மடியில், வெள்ளைச் சுடிதாரில், வைத்துக்கொண்டாள். ஒரு கையை முட்டிக்கு அடியில் கொடுத்து மறு கையால் மெல்ல அழுத்திக்கொண்டே போனாள். மடக்கச் சொன்னாள், நீட்டச் சொன்னாள். இரண்டு முட்டியிலும் உள்ளங்கையை வைத்து எது சூடு என்று பார்த்தாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

மீன்காரி, அன்று ஆஸ்பத்திரியில் இருந்த மாதிரியே, முட்டியைப் பார்க்கவில்லை. என் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரம் தூக்கறதைக் கொறைக்கணும் ஆன்ட்டி. முக்கியமா, கூடையோட மடங்கி எழுந்திருக்கக்கூடாது."

"அது என் கைலயா கீது?" என்று எழுந்தாள். புடவையை இறக்கிவிட்டுக்கொண்டாள். என்னிடம் திரும்பினாள்.

"பரவால்ல. கை கீது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பின்ன? எந்தக் காலேஜ்?" என்றேன்.

"காலேஜிக்கு இன்னா? கை அதோடது. உன்னுதுமாரி இல்ல."

கடைசி வாக்கியத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வாக்கியத்தையே வைத்துக்கொண்டு அந்த வாரத்தை ஓட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிசயம் நடந்தது. தெருமுனை திரும்பியவள் என் வீட்டைத் தாண்டவில்லை. நேரே என் கேட்டுக்கு வந்தாள். முதல் வீடு. தட்டை எடுக்க நான் உள்ளே ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் கூடை மதிலுக்கு வந்திருந்தது, என் பெண் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். வஞ்சிரம் முழுசாக இருந்தது. நீல கேட்டை ஒரு பார்வை பார்த்தேன். பதிமூன்று, பதினாலு வருஷத்துப் பார்வை அது.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே கேட்டில் நின்றேன். வந்தாள். விளக்குக் கம்பத்தைத் தாண்டினாள். நீல கேட்டுக்குள் போனாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி முதல். திங்கள் மறுபடி மூன்றாவது. என் வீட்டில் இருந்துகொண்டே என் பெண் வாங்கிய ரேங்க் அது. எனக்கு இல்லை. பெற்ற பெண்மேலேயே பொறாமைப்பட்டவள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும், உண்மையைத்தானே சொல்கிறார்கள்.

அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, பாப்பா இருந்தா முதல்ல வர்ற, நான் இருந்தா மூணாவதா? நான் என்ன குறை வெச்சேன் உனக்கு? புடவை எடுத்துக் கொடுக்கலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள் என்று நினைக்கிறேன்.

"இதுக்கா இத்தினி வருசமா மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நின்ன?" என்றாள். "கொறையும் இல்ல, கிறையும் இல்ல. குப்பத்துலேர்ந்து வரசொல்ல கூடை ரொம்பிக் கீது. நானே எறக்க முடியாது. யாருனா எதுக்க நின்னு கை குடுக்கணும். நீல கேட்டு அம்மா ரெண்டு கையால புடிச்சி எறக்கும், திருப்பித் தூக்கியும் வுடும். எதுர் வூட்டுல சமையலாளு கை குடுப்பாரு. அங்க ரெண்டு எடத்துல வித்துட்டு வரசொல்ல பாரம் பாதியாய்டும். உன் வூட்டாண்ட நானே மடங்கி எறக்கிப்பேன். நீதான் தொட மாட்டியே."

"நீ கேட்டிருக்கலாமே."

"மொத நாளு கேட்டேன். நீ தட்ட நீட்டின."

எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அது பொய் என்றும் சொல்ல முடியவில்லை. தட்டுதான் அப்போதும் என் கையில் இருந்தது.

"பாப்பா?"

"அது கேக்காமயே வந்து புடிச்சிச்சி. பாரம் தூக்கக்கூடாதுன்னு சொல்லிச்சில்ல, அதான்."

நல்ல வஞ்சிரம், வால் துண்டு, மரியாதை, அவமரியாதை என்று நான் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தேன். அவள் பார்த்தது பாரத்தை மட்டும். அவள் போன பிறகு உள்ளே போய் ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். வெயிலில் மஞ்சளித்திருந்தது. கிழிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியது.

மறுநாள் காலையில் தட்டை எடுக்கவில்லை. வெறுங்கையோடு கேட்டைத் திறந்து தெருவிலேயே போய் நின்றேன். அவள் முனை திரும்பினாள். கூடை விளிம்புவரை நிறைந்திருந்தது. என் பக்கத்தில் வந்ததும் இரண்டு கையையும் மேலே நீட்டினேன்.

நின்றாள். என் கைகளை ஒரு முறை பார்த்தாள். செவுளைப் பார்க்கிற பார்வை.

"மோதரத்தக் கழட்டு. மூங்கில்ல மாட்டிக்கும்."

கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் லேசாகக் குனிந்தாள். இந்தப் பக்கம் நான் பிடித்தேன், அந்தப் பக்கம் அவள். இவ்வளவு கனம் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. தோள் இறங்கிவிட்டது. கூடையிலிருந்து மீன் தண்ணீர் வழிந்து, என் உள்ளங்கை வழியாக, முழங்கை வழியாக, ரவிக்கைக்குள் போனது. குளிர்ச்சியாக இருந்தது.

பாதி இறக்கும்போதே, நீல கேட்டுக்காரி வெளியே வந்து பார்க்கிறாளா என்று தலையைத் திருப்பினேன்.

"அங்க இன்னா பாக்கற?" என்றாள் மீன்காரி. "கூடயப் பாரு. கீய வுட்டுடப்போற."